காற்று வந்தால்தான் கறி

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்தவனால் அவனுக்கு மட்டும்தான் ஆபத்து. இரண்டு மொழிகள் தெரியும் என்று நினைப்பவனால் வீட்டுக்கே ஆபத்து. நான் இரண்டாவது வகை.

ஊரில் போர் முடிந்த வருடம் அது. சுகந்தியைக் கலியாணம் செய்து டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்துக்கு நான் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் ஐந்து வயதிலேயே இங்கு வந்துவிட்டவள். முதியோர் இல்லத்தில் வேலை. கனவே டேனிஷ் மொழியில்தான் காண்பாள். நான் யாழ்ப்பாணத்தில் ரியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தவன். இங்கே காலையில் மொழிப் பள்ளி, மாலையில் பாத்திரம் கழுவும் வேலை. (எங்கள் வீட்டுப் பாத்திரம்தான். சம்பளம் கிடையாது.)

வரும் கடிதங்களை எல்லாம் சுகந்திதான் வாசிப்பாள். அவளுடைய அப்பா, அதாவது என் மாமா, ஞாயிறுதோறும் வந்து, "என்ன தம்பி, பாஷை பிடிபடுதோ?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். எனக்குத்தான் முள்ளாகக் குத்தும்.

அதனால் மின்சாரக் கொம்பனியின் கடிதம் வந்தபோது நான் பாய்ந்து பிடித்தேன். எந்த விலைமுறை வேண்டும் என்று நாங்களே தெரிவு செய்யலாமாம். இரண்டு பெட்டிகள். ஒன்றில் 'வரியாபெல்' என்று இருந்தது, மற்றதில் 'ஃபாஸ்ட்'. ஒன்றில் புள்ளடி போட்டு அனுப்பவேண்டும்.

"விளங்குதோ?" என்றாள் சுகந்தி.

"இதென்ன, இங்கிலீஷ்தானே!"

"அப்ப நீங்களே செய்யுங்கோ." அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். (நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.)

அதற்கு முதல் நாள்தான் மொழிப் பள்ளி ஆசிரியை, இந்த நாட்டில் காற்று நன்றாக அடித்தால் மின்சாரம் மலியும் என்று சொல்லியிருந்தார். நான் யோசித்தேன். வரியாபெல் என்றால் மாறும் விலை. ஆனால் ஆறுதலாக மாறும். ஃபாஸ்ட் என்றால் வேகமாக மாறும்! காற்றோடு காற்றாக ஓடுகிற விலை. லாபம் வேகத்தில்தானே இருக்கிறது? ஆங்கில வாத்தியாருக்கு அகராதி எதற்கு? புள்ளடி போட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காற்றாட்சி. தோட்டத்து உடுப்புக் கொடியில் சுகந்தியின் பழைய சிவப்புச் சால்வை ஒன்றைக் கட்டினேன். சால்வை ஆடினால் வோஷிங் மெஷின் ஓடும். தொங்கினால் அழுக்கு உடுப்புகள் காத்திருக்கும். வேலையால் விறைத்துப்போய் வந்து தேத்தண்ணி கேட்பவளிடம், "கொஞ்சம் பொறும், மேற்காலை காத்து அசையுது" என்பேன். அவள் பொறுத்தாள். புதுக் கலியாணம் என்றபடியால் பொறுத்தாள்.

ஒக்டோபரில் அம்மா வந்தார். போர் முடிந்து பாதை திறந்து, விசாவும் கிடைத்து, மருமகளை முதல் தடவையாக நேரில் பார்க்க வந்தார். விமான நிலையத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததில் என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மத்தியானம் அம்மாவுக்காக ஒரு விருந்து வைத்தோம். மாமா குடும்பத்தோடு சேர்த்து இருபது பேர்.

அன்று காலை மூடுபனி. ஓர் இலை அசையவில்லை. சால்வை செத்த மீன் மாதிரித் தொங்கியது. எங்களிடம் இருந்தது மின்சார அடுப்பு. ஆட்டிறைச்சி மசாலாவோடு சட்டிக்குள் பச்சையாகக் கிடந்தது.

"தம்பி, இதை எப்ப அடுப்பிலை வைக்கிறது?" என்றார் அம்மா.

"காத்து வரட்டும் அம்மா."

"காத்து வந்தால் அடுப்பு நூந்தெல்லோ போகும்?"

சுகந்தி பல்லைக் கடித்தாள். "இண்டைக்கு ஒரு நாளாவது விடுங்கோவன்." நான் அசையவில்லை. கொள்கை என்றால் கொள்கை. மாமாவுக்கு முன்னால் என் கெட்டித்தனத்தை விளக்கிச் சொல்ல ஒரு சிறு உரையும் தயாரித்து வைத்திருந்தேன்.

பதினொன்றரைக்குச் சால்வையின் ஒரு நுனி துடித்தது. "காத்து!" என்று கத்தினேன். அடுப்பின் நான்கு தட்டுகள், வெதுப்பி, இரண்டு ரைஸ் குக்கர், கேத்தல், சம்பல் அரைக்கிற மெஷின், எல்லாவற்றையும் போட்டேன். வந்த காற்றை வீணாக்கக்கூடாது என்று வோஷிங் மெஷினையும் தட்டிவிட்டேன்.

டொக்.

வீடு முழுக்க அடங்கியது. அந்த அமைதியில் வாசல் கதவு தட்டப்பட்டது. மாமாவும் சனமும்.

"என்ன தம்பி, வீடு இருண்டுபோய்க் கிடக்கு?"

நான் வாய் திறக்க முதல் அம்மா முந்திக்கொண்டார். "சண்டை முடிஞ்சு ஊருக்குக் கரண்ட் வந்திட்டுது, இனி விளக்குக் கொளுத்தத் தேவையில்லை எண்டு சந்தோசமா வந்தனான். இஞ்சை இவன் கரண்ட் இருக்கிற வீட்டிலை கரண்டை மறிச்சு வைச்சிருக்கிறான்!"

பக்கத்து வீட்டு ஹென்ரிக்கிடம் ஓடினேன். ஓய்வுபெற்ற மின்தொழிலாளி. பியூஸ் ஒன்றோடு வந்தவர், ஏன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாய் என்று கேட்டார். என் உடைந்த டேனிஷில், "காற்று வந்தது. விலை இறங்கியது" என்றேன். அவர் சால்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னார். நான் இருபது பேருக்கு முன்னால் பெருமையோடு எடுத்து நீட்டினேன்.

வாசித்தவரின் மீசை நடுங்கத் தொடங்கியது. அவர் கதவு நிலையை இரண்டு கைகளாலும் தள்ளினார். அது அசையவில்லை. "ஃபாஸ்ட்" என்றார். சுவரைத் தள்ளினார். "ஃபாஸ்ட்."

சுகந்தி கடதாசியைப் பறித்தாள். பார்த்தாள். அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டேனிஷிலை ஃபாஸ்ட் எண்டால் அசையாதது! விலை எப்பவும் ஒண்டுதான்! புயல் அடிச்சாலும் ஒண்டுதான்!"

மாறும் விலைகூட மாதக்கணக்கில்தான் மாறும், சால்வையைப் பார்த்து மாறாது என்று ஹென்ரிக் தன் பங்குக்குச் சொன்னார். மாமா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. என் உரை என்னோடேயே போயிற்று.

புது பியூஸ் போட்டதும் கரண்ட் வந்தது. அதுவும் போய்விடக்கூடாது என்று பாதிச் சட்டிகள் ஹென்ரிக்கின் குசினிக்குப் போயின. அங்கே அம்மா தமிழில் கட்டளையிட, அவர் டேனிஷில் பதில் சொல்லிக்கொண்டே கிண்டினார். இறைச்சி அருமையாக வந்தது. மூன்று மணிக்குச் சாப்பிட்டோம். உறைப்பில் கண்ணீர் வடிய வடிய ஹென்ரிக் மூன்றாம் தடவையும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மனிசனுக்கு நான் சொன்ன ஒரு சொல்லும் விளங்கேல்லை. எண்டாலும் வேலை நடந்திட்டுது. உனக்கு ரெண்டு பாஷை தெரியும்…"

வீடே இடிந்து விழுகிற மாதிரிச் சனம் சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டேன். வேறு வழி?

அன்றிலிருந்து கோல்டிங் நகரத்திலிருந்து ரண்டர்ஸ் நகரம் வரைக்கும் எந்தக் கலியாணவீட்டுக்குப் போனாலும் எனக்குப் பெயர் 'காத்து மாப்பிள்ளை'. மாமாவும் பாஷையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். "என்ன தம்பி, இண்டைக்குக் காத்து எப்பிடி?" என்றுதான் கேட்கிறார்.

இப்போது காலம் மாறிவிட்டது. மின்சார விலை உண்மையாகவே மணிக்கு மணி மாறுகிறது. போன கிழமை சுகந்தி கைபேசியைப் பார்த்துவிட்டு, "வெளியிலை நல்ல காத்து, விலை விழுந்திட்டுது, கெதியா மெஷினைப் போடுங்கோ" என்றாள்.

எத்தனை வருடமாகக் காத்திருந்த கணம்! இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து நின்றேன். "இதைத்தானே நான் அப்பவே சொன்னனான்?"

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஓம், சொன்னது சரிதான். புள்ளடிதான் பிழை."