வெள்ளிக்கிழமையை அழித்தவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அடுத்தவர் எழுதிய கணினி நிரலைப் படித்தால் இரண்டு மடங்கு வரும். (நான் எழுதியதைப் படித்தால் வராது. அது வேறு கதை.)

அப்போது பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய இரண்டே நாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் குழுத் தலைவி ஜமீலா அக்கா என் நிரந்தர வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பஷீர் அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு ஆர்டர் வாங்கும் ஆப்தான் எங்கள் வேலை.

அந்த வாரம் ‘கோட் ஸ்மெல்’ பற்றிப் படித்துத் தொலைத்திருந்தேன். நிரல் ஒழுங்காக ஓடும்; ஆனால் எழுதிய விதத்தில் ஏதோ கெட்ட வாடை அடிக்கும். ஒரே வரிகளை நாலு இடத்தில் ஒட்டி வைப்பது, காரணம் சொல்லாமல் நடுவில் எண்களை நட்டு வைப்பது, இப்படி. படித்த நாளிலிருந்து நான் மோப்ப நாய்.

புதன்கிழமை ஒன்று சிக்கியது. ஒற்றை எழுத்தில் இரண்டு பெயர்கள். பக்கத்தில் 5, 1245, 1445 என்று மூன்று எண்கள். விளக்கம் ஒரு வரி கிடையாது. அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. செத்த நிரல் என்று முடிவு கட்டி, மாற்றக் குறிப்பில் இப்படி எழுதினேன்: “இதை எழுதியவருக்கு மூளை இருந்ததா?”

யார் எழுதியது என்று பார்க்கவில்லை. ஜமீலா அக்கா அன்றும் மறுநாளும் விடுப்பு. சரிபார்க்க வேண்டிய பக்கத்து இருக்கைக்காரன் என் முகத்தைப் பார்த்தான், நிரலைப் பார்க்காமலே ‘ஓகே’ அழுத்தினான். (என் வாய்க்குப் பயந்தவன்.) அன்றே மாற்றம் ஆப்பில் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா ஆயர் ஈத்தாமில் இருக்கும் வீட்டிலிருந்து போன் செய்தார். கடிதம் வருமுன்பே கொண்டாட்டம். சமைக்காதே, எங்கள் ஆப்பில் வாங்கிக்கொள் என்று அளந்துவிட்டிருந்தேன்.

“ஏன்டி, ஆர்டர் எடுத்தாச்சுன்னு உன் ஆப் சொல்லுது. சாப்பாடு எடுக்கப் போன ரைடர் கடை பூட்டிருக்குன்றான்.”

“கடை எப்படிம்மா பூட்டும்?”

“இன்னிக்கி வெள்ளிக்கிழமைலா! எல்லாரும் மசூதிக்குப் போயிருப்பாங்க. ஆர்டர் வாங்கிக்கிச்சே, தெறந்திருக்கும்னு நெனச்சேன்.”

5. திங்களிலிருந்து எண்ணினால் வாரத்தின் ஐந்தாம் நாள், வெள்ளி. பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டே முக்கால் வரை ஆர்டர் வாங்காதே. பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த நேரத்தில் கடை ஷட்டர் இறங்குவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். புதன்கிழமை சோதித்தால் எப்படித் தெரியும்?

கடைக்கு ஓடினேன். ஷட்டர் முன்னால் இருபது ரைடர்கள். “அக்கா, நீங்க கடை ஆளா?” என்றான் ஒருவன்.

“இல்ல, கடைக்கு வந்த கேடு” என்றேன்.

தொழுகை முடிந்து ஆட்களோடு வந்த பஷீர் அண்ணன் கூட்டத்தைப் பார்த்து வெளிறிப்போனார். “அலாமாக்! யாரு மௌத்து? யாரு செத்துட்டா?”

“நான்தாண்ணே, மூணு மணிக்கு” என்றேன்.

விஷயத்தைக் கேட்டவர் திட்டவில்லை. ஒரு ஏப்ரனை என் மேல் எறிந்தார். “நாப்பத்து மூணு பொட்டலம். கட்டு.” கட்டினேன். முழங்கை வரை குழம்பு. நான் கட்டிய முதல் ஐந்தும் ஒழுகின. “இவள கல்லாப்பெட்டிகிட்ட நிக்கச் சொல்லு, குழம்பாவது மிஞ்சும்” என்று கத்தினார்.

விஷயம் கேள்விப்பட்ட ஜமீலா அக்கா மடிக்கணினியோடு வந்து, முட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து, அழித்த வரிகளைத் திருப்பிப் போட்டார். பிறகு என் குறிப்பை ரைடர்கள் கேட்கச் சத்தமாக வாசித்தார்.

“மூளை இருந்ததாவா? இருந்துச்சு மாலா. அந்த வரிய எழுதுனதே நான்தான்.”

கையில் இருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

“ஆனா நாறுனது உண்மைதான்” என்றார் அவரே. “பேரு ஒழுங்கா வைக்கல, ஏன்னு எழுதல. அது என் தப்பு. கேக்காம பிடுங்குனது உன் தப்பு. கடிதம் இன்னும் ஒரு மாசம் கழிச்சு.”

அதற்குள் பசி தாங்காமல் அம்மா நேரில் வந்துவிட்டார். என் கோலத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. மிஞ்சிய சோற்றை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வேலை தள்ளிப்போன அன்று அப்படிச் சாப்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அந்த வரிகளுக்கு மேலே இன்றும் ஜமீலா அக்காவின் குறிப்பு இருக்கிறது: “வெள்ளி மதியம் கடை அடைப்பு. அழிக்குமுன் மாலாவைக் கேட்கவும்.” புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் வந்து கேட்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் கதையைச் சொல்லித் தொலைக்கிறேன்.

வீட்டில் இன்னும் மோசம். எதைத் தூக்கி எறியப் போனாலும் அம்மா, “யாரு வச்சதுன்னு கேட்டியாடி?” என்பார். போன மாதம் என் வீட்டுக்காரரின் ஓட்டை பனியனைக் குப்பையில் போடப் போனேன். சோபாவிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்:

“அது வெள்ளிக்கிழமைக்கு.”

பனியன் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.