மேப் சார் தேடிய பூனை

ரொட்டிக் கடையை விட்டுக் கிளம்பியபோது பொட்டலம் கையைச் சுட்டது. இப்போது அது ஆறிப்போய்விட்டது. மேப் சார் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

வீடு ஒன்றும் தொலைவில் இல்லை. கடையில் தும்மினால் வீட்டில் கேட்கும் என்பாள் அவர் மனைவி. ஆனால் அந்த வீடு எந்தப் பக்கம் என்பதுதான் இப்போது பிரச்சினை. வசந்தம் வந்து எல்லாத் தெருவிலும் மரங்கள் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாகப் பூத்துத் தொலைத்திருந்தன. எந்த முனையில் திரும்பினாலும் ஏற்கெனவே திரும்பிய முனை போலவே இருந்தது.

யாரையாவது ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்க முடியாது. நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடப் பிரிவுக்கே தலைவர் அவர். இந்த வட்டாரத்துத் தெருக்கள் மொத்தத்தையும் கோடு போட்டு வரைந்தவர். சமீபத்தில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் கையில் குச்சியோடு நின்று, "என் கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தச் சந்துக்கும் போவேன்" என்று முழங்கியவர். 'மேப் சார்' என்ற பட்டம் அன்று ஒட்டிக்கொண்டதுதான்.

உண்மையில் அவர் நடந்ததெல்லாம் வாசலிலிருந்து அலுவலக வண்டி வரைக்கும், வண்டியிலிருந்து வாசல் வரைக்கும். தெருக்களை மேலேயிருந்து பார்த்தே பழகியவருக்கு அவை பக்கவாட்டில் எப்படியிருக்கும் என்று தெரியாது.

இன்று விடுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு மைத்துனன் வருகிறான். "நடந்து போய் ஒரு ரொட்டி வாங்கிட்டு வாங்க. வெளியே எவ்வளவு அழகா இருக்குன்னு ஒரு நாளாவது கண்ணால பாருங்க" என்று மனைவி துரத்திவிட்டாள். கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"சார்!"

இரும்பு கேட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெண்மணி ஏணிமேலிருந்து கூப்பிட்டாள்.

"காலையிலேர்ந்து இந்தப் பக்கமே சுத்திச் சுத்தி வர்றீங்களே மேப் சார். ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

'நான்தான்' என்று சொல்ல வந்த வாயை அவர் சட்டென்று மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மதில்மேல் ஒரு வால் ஓடி மறைந்தது.

"பூனை" என்றார்.

"பூனையா?"

"ஆமா. எங்க வீட்டுப் பூனை."

"ஐயோ பாவம்! என்ன நிறம்?"

அவர் கண் வர்ண டப்பாவில் விழுந்தது. "ஆரஞ்சு."

"பேரு?"

பெயர் வரைக்கும் போகும் என்று அவர் நினைக்கவில்லை. அவசரத்துக்குக் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"ரொட்டி."

அத்தோடு விடுவாள் என்று பார்த்தால், அந்தப் பெண்மணி தூரிகையும் கையுமாக ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள். "இருங்க சார், ரெண்டு பேரும் தேடுவோம்" என்றவள், தெரு அதிரக் குரல் கொடுத்தாள். "ரொட்டீ... ரொட்டீ... ரொட்டீ..."

மாடி ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது. ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். கயிற்றில் கட்டிய கூடை ஒன்று மளமளவென்று இறங்கி மேப் சாரின் மூக்குக்கு நேரே வந்து ஆடியது.

"ரொட்டிக்காரரே, ஒண்ணு போடுங்க!"

"நான் ரொட்டிக்காரன் இல்லைங்க."

"கையில என்ன?"

"ரொட்டி."

"அப்புறம்?"

"இவங்க கூப்பிட்டது ரொட்டியை இல்ல. பூனையை."

"பூனையை ரொட்டின்னு கூப்பிட்டா, ரொட்டியை என்னன்னு கூப்பிடுவீங்க?"

பேச்சு வளர வளர அடுத்தடுத்த ஜன்னல்கள் திறந்துகொண்டிருந்தன. ஆள் சேர்வதற்குள் ஆளை விட்டால் போதும் என்று மேப் சார் பொட்டலத்தைக் கூடையில் போட்டார். கூடை மேலே போய்விட்டது. "நாளைக்கும் வாங்க!" என்றார் பெரியவர்.

ஆக, வீடும் இல்லை, ரொட்டியும் இல்லை. இல்லாத பூனை ஒன்று மட்டும் மிச்சம்.

தெருமுனையில் தோளில் பையோடு ஒரு தபால்காரப் பெண் வந்தாள். மேப் சாரின் மனம் துள்ளியது. வீடு வீடாகப் போகிறவள்! இவள் பின்னாலேயே நடந்தால் எப்படியும் தன் வீட்டு வாசல் வந்துதானே ஆக வேண்டும்?

"தங்கச்சி, ஆரஞ்சுப் பூனை எதுவும் கண்ணுல பட்டுதா?" என்று கேட்டாள் வர்ணக்காரப் பெண்மணி. "இவரோடது. இவர் யார் தெரியுமில்ல? மேப் சார். இந்த ஏரியா மொத்தத்துக்கும் வரைபடம் போட்டவர்."

தபால்காரப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்படியா! நானும் கூட வரேன் சார்."

"உங்க வேலை கெட்டுடாதா?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம். நீங்க முன்னாடி போங்க."

"சேச்சே, நீங்க முன்னாடி போங்க."

"உங்களுக்கு முன்னாடி நான் போறதா? நல்லாவா இருக்கும்?"

இப்படியே மரியாதை பரிமாறிக்கொண்டு முச்சந்தி வரை வந்துவிட்டார்கள். அங்கே மரியாதை முற்றிலும் முட்டிக்கொண்டது.

"இடமா, வலமா? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.

"நீங்க இருக்கும்போது நான் என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க சார்."

இருவரும் மரத்தைப் பார்த்தார்கள். ஒரு பூவிதழ் இடப்பக்கமாகப் பறந்து போனது. "இடம்!" என்றார்கள் ஒரே குரலில்.

மேப் சார் வேறொரு கணக்குப் போட்டார். "எங்க வீட்டுக்கு ஏதாவது தபால் இருக்கும். முதல்ல அங்க போய் அதைக் கொடுத்துட்டா என்ன?"

"தபால் எங்க சார் ஓடிப்போகுது? ஓடிப்போனது பூனைதானே. வீட்டைத் தவிர எல்லா இடத்துலயும் தேடணும்."

நியாயம்தான். அந்த நியாயத்தை அவர் மனதுக்குள் சபித்தார்.

ஆனால் நடக்க நடக்க அவருக்கு ஏதோ ஆகத்தொடங்கியது. ஒரு கார்க் கூரைமேல் வரிசையாகத் தலையணைகள் வெயில் காய்ந்தன. திறந்த ஜன்னலுக்குள் யாரோ எக்காளம் பழகிக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு நாய் அதற்குச் சரியாகத் தாளம் போட்டது. ஒரு கணவனும் மனைவியும் தெருவில் நின்றபடி ஜன்னல் திரைக்கு எந்தத் துணி என்று சண்டை போட்டார்கள். வழியில் போகிற இவரையும் இழுத்து நிறுத்தி, "நீங்களே சொல்லுங்க, பச்சையா மஞ்சளா?" என்று கேட்டார்கள். "மஞ்சள்" என்றதும் மனைவி கைதட்டினாள். அலுவலகத்தில் அவர் சொன்ன எதற்கும் இதுவரை யாரும் கைதட்டியதில்லை.

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு படிக்கட்டு ஏறியது. இருபுறமும் கொடிகள் பூத்துத் தொங்கின. படியில் உட்கார்ந்து ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வெயிலில் நீட்டியிருந்தார். மேப் சாரின் வரைபடத்தில் அந்த இடத்தில் வெறும் சுவர்.

"இது என் படத்துலயே இல்லையே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"உங்க படத்துலயே இல்லையா?" தபால்காரப் பெண் ஏனோ அப்படியே நின்றுவிட்டாள்.

"வழி விடுங்க! வழி விடுங்க!"

சைக்கிள் ஒன்று வளைந்து நெளிந்து வந்தது. அதன்மேல் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவன் அவளுடைய மருமகன்.

"பிரேக்கு எங்கப்பா இருக்கு?"

"கையில இருக்கு அத்தை!"

"கை நடுங்குதே!"

"நல்லதுதான், விட்டு விட்டுப் பிடிங்க!"

"ரொட்டின்னு ஒரு ஆரஞ்சுப் பூனையைப் பார்த்தீங்களா?" என்று வர்ணக்காரப் பெண்மணி கத்தினாள்.

"இல்லையே! பார்த்தா சொல்றேன்!" என்று கத்திக்கொண்டே அந்த அம்மாள் கடந்து போனாள். நிறுத்தத் தெரியாத காரணத்தால் அவள் வட்டாரம் முழுக்கச் சுற்றினாள். சுற்றிய இடமெல்லாம் சேதி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் எல்லாச் சந்திலிருந்தும் "ரொட்டீ" என்ற குரல் எழுந்தது. கறுப்புப் பூனை வந்தது, சாம்பல் பூனை வந்தது. பூனை கிடைக்காத ஒருவர் முயலைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது பரவாயில்லையா?" என்று கேட்டார்.

கடைசியில் சைக்கிள் திரும்பி வந்து மேப் சாரின்மேல் மோதி நின்றது. முன் கூடையில் கொழுகொழுவென்று ஓர் ஆரஞ்சுப் பூனை உட்கார்ந்திருந்தது.

"நான் தேடவே இல்லப்பா, அதுவா குதிச்சு ஏறிக்கிச்சு!" என்றாள் மாமியார்.

பூனை மேப் சாரின் கையை முகர்ந்தது. ரொட்டி வாசனை இன்னும் இருந்திருக்க வேண்டும். ஒரே தாவில் அவர் மார்பில் ஏறி, தாடைக்கடியில் தலையைப் புதைத்துக்கொண்டது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

"எஜமானரைப் பார்த்ததும் எப்படி ஒட்டிக்குது பாருங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் வர்ணக்காரப் பெண்மணி. "வாங்க எல்லாரும். ரொட்டியை வீட்டுல விட்டுட்டு வரலாம். சார், நடங்க!"

மேப் சாரின் பின்னால் ஓர் ஊர்வலம். பக்கத்தில் தபால்காரப் பெண். மார்பில் முன்பின் தெரியாத ஒரு பூனை. அவர் நடந்தார். வேறு என்ன செய்வது? மனம் போன பக்கம் திரும்பினார். முயல்காரர் கூட விடாமல் பின்னால் வந்தார்.

ஒரு குறுகலான சந்து. தோளுயர மதில். மதிலுக்கு அப்பால் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவர் மனைவி!

சொந்த வீட்டின் பின்பக்கத்தை மேப் சார் இப்போதுதான் முதன்முதலாக வெளியிலிருந்து பார்க்கிறார். நல்ல வீடாகத்தான் இருந்தது.

"எங்கங்க போனீங்க? ரொட்டி எங்க?" என்றாள் அவள்.

"இதோ ரொட்டி!" என்றது மொத்தக் கூட்டமும், பூனையைக் காட்டி.

அவள் பூனையைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். வியர்த்து வழிந்த கணவனின் கண்களைப் பார்த்தாள். அந்தக் கண்கள் கெஞ்சின.

"வந்துட்டியாடி ரொட்டி!" என்று கையை நீட்டிப் பூனையை வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் மனநிறைவோடு கலைந்தது. வர்ணக்காரப் பெண்மணி ஏணிக்குத் திரும்பினாள். சைக்கிளை இனி தள்ளிக்கொண்டே போகலாம் என்று மருமகன் மன்றாடிக்கொண்டு போனான்.

"நமக்கு ஏதுங்க பூனை?" என்று மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"வழி தெரியாமப் போச்சு" என்று அவர் அதைவிடத் தாழ்த்தினார்.

அவள் சிரித்த சிரிப்பில் கொடியே ஆடியது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க ஒரு படிக்கட்டு இருக்கு, ரெண்டு பக்கமும் பூ. நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பிறகு யோசித்து, "நீ என்னைக் கூட்டிட்டுப் போ" என்று திருத்திக்கொண்டார்.

சந்தில் இன்னும் ஒருத்தி நிற்பதை அப்போதுதான் கவனித்தார். தபால்காரப் பெண். அவள் இருபுறமும் பார்த்துவிட்டு மதிலருகே வந்தாள்.

"சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... இன்னைக்குத்தான் இந்த ஏரியாவுல எனக்கு முதல் நாள். மேப் சார் பின்னாடியே போனா தொலையாம இருக்கலாம்னுதான் பூனை தேட வந்தேன், இப்ப நாம எங்க நிக்கிறோம்னு மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா?"