எர்த் கம்பிக்குத் தண்ணீர்

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு கிறகரியின் வாயை நிரந்தரமாக அடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கிறகரி மன்னாரில் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிறவன். தோட்டவெளி ஊர்க்காரன். வீட்டில் கேம் விளையாடுகிற பெட்டி ஒன்று வைத்திருக்கிறான். தேத்தண்ணி நேரமெல்லாம் ரீவியில் அவன் அடித்த கோல்களைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. அந்த நேரம் பார்த்து லண்டனில் இருக்கிற என் மைத்துனன் நிறோஜன் அதே மாதிரி ஒரு பெட்டியைப் பார்சலில் அனுப்பியிருந்தான். கந்தோர் முழுக்கக் கேட்கும்படி சவால் விட்டேன்.

"ஞாயிறு பூசை முடிய உயிலங்குளத்துக்கு, என்ர வீட்டுக்கு வா. தோற்கிறவன் அதுக்குப் பிறகு கேமைப் பற்றி வாய் திறக்கக்கூடாது."

சவால் விட்ட கையோடு வீட்டுக்கு வந்தேன். பெட்டியை ரீவிக்குப் பக்கத்தில் வைத்து, வயரும் கொழுவி வைத்திருந்தாள் என் மனைவி கலாராணி. சுவிச்சை அமத்தினேன். நீளமாக அமத்தினேன். தட்டினேன். தடவினேன். பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு அமத்தினேன். பெட்டி மூச்சுக் காட்டவில்லை.

"கலா, இதுக்கு என்ன நடந்தது?"

"அடுப்படிக்குள்ள கிடக்கிற எனக்கு என்ன தெரியும்? பொறுங்கோ, தம்பியைக் கேட்டுச் சொல்லுறன்."

போனோடு உள்ளே போனாள். டொக்டரைக் கண்டுவிட்டு வந்த முகத்தோடு திரும்பினாள்.

"வோல்டேஜ் காணாதாம். வீட்டில வேறொண்டும் கரண்ட் இழுக்கக்கூடாதாம்."

"எது இழுக்குது?"

"கிரைண்டர் இழுக்குது. உடுப்பு மெசின் இழுக்குது. தண்ணி மோட்டர் இழு இழு எண்டு இழுக்குது."

எனவே சம்பலை நான் அம்மியில் அரைத்தேன். உடுப்பை நான் கல்லில் துவைத்தேன். பெட்டி அசையவில்லை.

"தம்பி இப்ப என்ன சொல்லுறான்?"

"எர்த் பிடிக்கேல்லையாம்."

இதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டு எர்த் கம்பி பின்வளவில் இருக்கிறது. ஆவணி வெயிலுக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த நிலத்தில் எர்த் வேலை செய்யாது என்று நானும் எங்கேயோ படித்திருக்கிறேன்.

"அப்ப கம்பியடியில ஒரு வாளி ஊத்துறன்."

"காணாது. ஈரம் பரவோணுமாம். மிளகாய்ப் பாத்தி, கத்தரி, அங்கால தூதுவளை வரைக்கும் போகோணுமாம்."

"தூதுவளைக்கும் எர்த்துக்கும் என்ன சம்பந்தம்?"

"லண்டனில இருக்கிறவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாதுதான். பின்னேரம் பின்னேரம் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளே இருந்து, "அடி! அடி! விடாதை!" என்று சத்தம் வரும்.

"என்ன கலா?"

"கரப்பான்!"

எங்கள் வீட்டில் இத்தனை கரப்பான்கள் குடியிருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து சுவிச்சை அமத்துவேன். ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள் பெட்டியில் கை வைத்தவன் திடுக்கிட்டுப்போனேன்.

"கலா! செத்த பெட்டி சுடுது!"

"மன்னார் வெயிலுக்கு எதுதான் சுடாது? என்ர தலையையும் தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். அதுவும் சுட்டது. ஆனாலும் விஷயம் மண்டையைக் குடைந்தது. காய்ச்சல் இருந்தால் உயிர் இருக்கவேண்டும். உயிர் இருந்தால் ஏன் கண் திறக்கவில்லை? கந்தோரில் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன். என்ன புதினமோ, அந்தக் கிழமை கிறகரியும் கோல்கதை ஒன்றும் சொல்லவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், வேற வயர் போட்டுப் பாத்தனியோ?"

அரைத்தேன், துவைத்தேன், நிலத்தைக் குளிப்பாட்டினேன். வயரை மட்டும் பார்க்கவில்லை.

"இது பழைய றேடியோ வயரடா. உள்ளுக்கு அறுந்து கிடக்கு. பெட்டியோட வந்தது எங்கை?"

"அரிசி வாளிக்குள்ள பத்திரமாக் கிடக்கு" என்றாள் கலாராணி. தானே போய் எடுத்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு கொழுவக்கூடியவள் போலக் கொழுவினாள். பெட்டி உடனே கண் திறந்தது. ரீவியில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் வந்தது: மன்னார் ராணி. அதற்குக் கீழே அவளிடம் தோற்றவர்களின் பெயர்கள். முதல் பெயர் நிறோஜன்.

கிறகரி கதிரையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், மன்னார் ராணி உன்ர மனிசியோ? கிழமை முழுக்க இன்ரநெற்றில என்னைப் போட்டு அடிச்சது இவவோ?"

என் ரத்தம் கொதித்தது.

"ஏனப்பா எனக்கு ஒளிச்சனீர்? எர்த் எண்டு தம்பி சொன்னதெல்லாம்?"

"தம்பி ஒண்டும் சொல்லேல்லை, பாவம். நீங்களும் விளையாடக் குந்தினால் மிளகாய்க்கு ஆர் தண்ணி ஊத்துறது?"

கிறகரி சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கிற நிலையில் இல்லை. கலாராணி ஒரு கொன்ட்றோலரை அவன் கையில் கொடுத்தாள். மற்றதை எடுக்க நான் கை நீட்டினேன். அது ஏற்கெனவே அவள் மடியில் இருந்தது.

கிறகரி வாங்கிய முதல் கோலின் சத்தம் கிணற்றடியில் வாளியோடு நின்ற எனக்கும் கேட்டது.