இரண்டு வீட்டுக்காக ஒரே பெண்ணைக் கேட்ட கதை

மதிப்புக்குரிய அக்கா எர்மெலிந்தாவுக்கு, மாதாவின் காவலில் நீ நலமாயிருப்பாய் என்று நம்பும் தம்பி தொனாசியானோ எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போய்விட்டது.

அப்பாவுக்குப் பிறகு, நம் ஊரில் பெண் கேட்கப் போகிறவர்களுக்காக முன்நின்று பேசுகிறவன் நான். என் பேச்சை மறுத்த வீடு கிடையாது. அந்தப் பெயரைக் கெடுத்தது என் வாய்தான். எதிரில் இருப்பவர் பேசும்போது நடுநடுவே 'க்ளாரோ, க்ளாரோ' என்று போடாவிட்டால் நம் ஆட்களுக்கு முகம் சுருங்கிவிடும். கதை கேட்பவன் 'ம்' கொட்டுவது போலத்தான் அது; சொல்லுக்கு 'ஆமாம், சரி' என்று பொருள் இருந்தாலும் சம்மதம் என்று ஆகாது. கசாப்புக்கடை பிலெமோன் சந்தையில் என் தோளில் கைபோட்டு, தன் மகனுக்காக நிசெபோரோ வீட்டில் பேசச் சொன்னார், க்ளாரோ என்றேன். தறிக்கார வென்செஸ்லாவ் பூசை முடிந்து வரும்போது தன் மகனுக்காக அதையே கேட்டார். க்ளாரோ, அதற்கென்ன என்றேன். இரண்டு பேரும் கேட்பது நிசெபோரோவின் ஒரே மகளை, என் ஞானமகள் செனைதாவை என்பது மண்டையில் ஏறுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

வான்கோழி, மெழுகுவர்த்தி, ரொட்டி, சாக்லேட் என்று பெண் கேட்கும் சீரோடு இரண்டு கூட்டமும் என் வாசலில் நின்றன, ஓடிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், நிசெபோரோ வீட்டுப் பீடத்தின் முன் முழங்காலிட்டு பிலெமோன் மகனைப் புகழ்ந்தேன், நிசெபோரோ க்ளாரோ என்றார், அதே மூச்சில் வென்செஸ்லாவ் மகனையும் புகழ்ந்தேன், அதற்கும் க்ளாரோ.

"யோவ், யாருக்குய்யா பேசுற நீ?" என்று பிலெமோன் என் சட்டையைப் பிடித்தார்.

"என் வான்கோழிதான் முதல்ல உள்ள வந்துச்சு!" என்று வென்செஸ்லாவ் கத்தினார்.

"க்ளாரோ, க்ளாரோ, ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் நிசெபோரோ.

அப்போது செனைதா சாக்லேட் பானம் கடையும் மத்தோடு சமையற்கட்டிலிருந்து வந்தாள். "எனக்கு ரெண்டு பேருமே வேணாம்" என்றாள். அக்கா, அவளைக் கேட்கத்தான் அத்தனை பேரும் போயிருந்தோம்; அவளிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய எனக்கே அது தோன்றவில்லை. வெட்கத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பதில் சொல்வதாக நிசெபோரோ அனுப்பிவிட்டார். இரண்டில் ஒரு வீட்டுக்கு அவளைத் தள்ளத்தான் போகிறார். எனக்கு இனி இந்தப் பொறுப்பே வேண்டாம். யாருக்காகவும் பெண் கேட்க மாட்டேன், என் வாயிலிருந்து க்ளாரோ என்ற சொல்லே வராது என்று சத்தியம் செய்துவிட்டேன். யார் விசாரித்தாலும் அப்படியே சொல்லிவிடு.

மச்சானுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கடவுள் கண்ணும் கருத்துமாகக் காப்பாராக.

தலைகுனிந்த தம்பி,
தொனாசியானோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் செனைதா வந்து நிற்கிறாள். நகரத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். "ஞாயித்துக்கிழமை அப்பா முன்னாடி இன்னொரு தடவை முழங்கால் போடுங்க, ஞானப்பா. இந்தத் தடவை என்னை எனக்கே பொண்ணு கேட்டுத் தாங்க" என்றாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். க்ளாரோ என்று வந்தது. சம்மதித்தே சொன்னேன், அக்கா.