ஈயத்தாள் இளவரசர்

இளவரசர்கள் எல்லாம் ஒழிந்து போனார்கள் என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நம்பாதீர்கள். கண்டி ராஜ்யம் போனது உண்மை, வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டதும் உண்மை. இளவரசர்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை. வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மலையேறிப் பாருங்கள், தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்கு ஒருவராவது இருப்பார். காலையில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடியை வெட்டிக்கொண்டிருப்பார். மாலையானால் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் முகம் கழுவி, நெற்றியில் ஒரு சுருள்முடியைத் தண்ணீர் தொட்டு ஒட்டவைத்து, கழுத்தில் கைக்குட்டை சுற்றி, எதிர்மலை மூடுபனியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவருக்கு ஓட்டு இல்லை, பிரஜாவுரிமை இல்லை, குடியிருக்கிற ஒற்றையறைக் காம்பிராவின் கூரைத் தகரம்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். ராஜ்யம் மட்டும் இருக்கிறது.

நான் வட்டகொடைக் கடைவீதியில் தையல் மெஷின் போட்டிருப்பவன். இந்த ஜாதி இளவரசர்களுக்குப் பல வருஷங்களாக அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லுகிறேன்.

இவர்கள் பிறப்பது அட்டன் படக்கொட்டகையில். சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மனிதர்களாகப் பஸ் ஏறிப் போவார்கள். ராஜகுமாரன் குதிரையில் வந்து கோபுரத்தில் அடைபட்ட ராஜகுமாரியைப் பாட்டுப் பாடியே மீட்டுக்கொண்டு போகிற படம் ஒன்றைப் பார்ப்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் இறங்குவது இளவரசர். கண்டக்டரிடம் மிச்சச் சில்லறையைக் கேட்கமாட்டார், இளவரசர்கள் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய், "அம்மா, ரொட்டி இருக்கா?" என்று கேட்கமாட்டார். "அன்னையே! பசி என்பதை நான் மறந்து பல காலம் ஆயிற்று!" என்பார். சொல்லிவிட்டு, சட்டியில் இருக்கும் ரொட்டியையும் சம்பலையும் வழித்துத் துடைத்துச் சாப்பிடுவார்.

இவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நேராக ஒரு கேள்வி கேளுங்கள். உடனே தொண்டையைச் செருமுவார். செருமினாரோ, போயிற்று, பாட்டுதான் வரும். படத்தில் ராஜகுமாரன் முதல் வரியைப் பாடினால், ராஜகுமாரிக்குப் பின்னால் நிற்கிற தோழிமார் எல்லாருக்கும் இரண்டாவது வரி தெரிந்திருக்கும். எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தாரோ! மலையில் அப்படி இல்லை. இளவரசர் பாதையோரம் நின்று முதல் வரியை எடுத்தால், கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்; இரண்டாவது வரியைக் கங்காணி எடுப்பார். அந்த வரியை இங்கே எழுத முடியாது. அன்றைக்குப் பாட்டுக் கேட்ட குற்றத்துக்கு ராஜகுமாரிக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிநாள் கூலிதான் விழும். பாடினவருக்கு ஒன்றும் குறையாது. எந்தப் படத்திலாவது இதைக் காட்டியிருக்கிறார்களா?

எல்லா இளவரசர்களையும் சொல்லப் புகுந்தால் என் மெஷின் துருப்பிடித்துப் போகும். ஒருவரைச் சொல்லுகிறேன். மேல்கணக்கு ஆண்டியப்பன்.

மேல்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் டிவிஷன். நாகலெட்சுமி கீழ்க்கணக்குப் பெண். கை வேகம், வாய் நிதானம், நல்ல பெண். ஆண்டியப்பன் மேல் அவளுக்கும் விருப்பம்தான். அவர் பாட்டுக்காகத்தான் விரும்பினாள் என்று அவர் நினைத்தார். பாட்டையும் பொறுத்துக்கொண்டு விரும்பினாள் என்பது என் கருத்து. நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலை செய்கிற ஒருவனுக்கு அவளைக் கேட்டு ஆள் வந்திருந்தது. அவளுடைய அப்பா செல்லசாமி பதில் சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி ஆண்டியப்பனிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"மச்சான், அம்மா அப்பாவோட வந்து, எங்கப்பாகிட்ட வெத்திலத்தட்டக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து தட்டை நீட்டினால், பெண் வீட்டார் கைநீட்டி வாங்கினால், பேச்சு முடிந்தது. வாங்கின தட்டைத் திருப்பிக் கேட்டால் அந்தப் பெண் ஊர் வாயில் விழுந்தாள். அவ்வளவு சின்னத் தட்டு, அவ்வளவு பெரிய காரியம்.

சும்மா நடந்து போய்த் தட்டைக் கொடுத்துவிட்டு வர, இளவரசர் என்ன சாதாரண ஆளா?

அவர் என் கடைக்கு வந்தார். கறுப்புக் கம்பளி ஒன்றைக் கொடுத்து, தோளிலிருந்து தரை வரைக்கும் புரளுகிற மாதிரி அங்கி தைக்கச் சொன்னார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை ஸ்டோரிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதை அட்டையில் ஒட்டிக் கிரீடம் செய்திருந்தார். போட்டுக் காட்டினார். பளபளவென்றுதான் இருந்தது, கொஞ்சம் தேயிலைத்தூள் வாசனையோடு.

"எதுக்குத் தம்பி இதெல்லாம்?" என்றேன்.

"அண்ணே, இது ஒரு காதல் காவியம்," என்றார். தைத்துக் கொடுத்தேன். தொழில்.

இந்த நோய் குடும்பத்தோடு பிடிக்கும், அதையும் சொல்ல வேண்டும். அப்பா கந்தப்பன் முதலில் விறகுக்கட்டையை எடுத்தவர்தான். "உன்னைய மாதிரி ஒரு மகனுக்கு நான் ராசாவாத்தான்டா இருக்கணும்!" என்று எரிச்சலில் கத்தினார். கத்தின பிறகு அந்த வார்த்தை அவருக்கே பிடித்துப் போயிற்று. மறுநாளே மீசையை முறுக்கிவிட்டு, "யாரங்கே? வெந்நீர்!" என்றார். அம்மா பேச்சியம்மா, "அரசே, வெறகு ஈரம்," என்று ராகம் போட்டுப் பதில் சொன்னாள். ஒரு காம்பிராவுக்குள் மூன்று பேர் பாடிக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள். பக்கத்துக் காம்பிராக்காரர் மாற்றல் கேட்டு மனுக் கொடுத்தார்.

ஆண்டியப்பன் ஊர்வலத்துக்குத் திட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தப்படித்துக்கொண்டு முன்னே வர, அம்மா தட்டோடு பின்னே வர, நடுவில் இளவரசர் பாடிக்கொண்டே வருவார். ராஜகுமாரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். பாட்டின் கடைசி வரி முடிந்த பிறகுதான் திறக்க வேண்டும். நாகலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டு, "சரி, வந்து சேருங்க," என்றாள். கதவை அடையாளம் வைத்துக்கொள்ள, அவள் காம்பிராச் சுவரில் அவரே முன்கூட்டிக் கரியால் ஒரு தாமரை வரைந்து வைத்தார். எத்தனையாவது கதவு என்று எண்ணி வைத்திருக்கலாம். இளவரசர்கள் எண்ணுவதில்லை.

அந்த வாரம் கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்று, பெரியதுரை கீழ்க்கணக்கு லயம் முழுவதற்கும் வெள்ளையடிக்கச் சொன்னார். தாமரை போயிற்று.

ஞாயிறு காலையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், தோட்டத் தலைவரையும் கூப்பிட்டிருந்தார்கள். கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. கந்தப்பன் மகாராஜா தப்பை எடுத்து ஓங்கி அடித்தார். வேலை நாளில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் பதிய, ஆள் கூப்பிடுவது எதை அடித்து? அதே தப்பை அடித்துத்தான். லயமே துள்ளி எழுந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிட்டான் பாவி என்று திட்டிக்கொண்டே, இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றி, முதுகில் கூடையை மாட்டி, எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். எல்லாக் கதவும் திறந்திருந்தது. சொன்ன சொல் தவறாமல் சாத்தியிருந்தது ஒரே ஒரு கதவு.

"மலைமுகட்டு மல்லிகையே, மன்னன் வந்தேன் வாசல் திற," என்று பாடிக்கொண்டு இளவரசர் வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார், தாமரையைக் காணவில்லை. பாட்டை நிறுத்தி, "நாகலெட்சுமி வீடு எதுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பத்துப் பேர் காட்டியிருப்பார்கள். ஒரு திறந்த கதவும், பனிக்குள் ஒரு பெண்ணுருவமும் தெரிந்தன. போதாதா? மண்டியிட்டார், கண்ணை மூடிக்கொண்டார், கடைசி வரியை இழுத்தார், பேச்சியம்மா கையிலிருந்த தட்டை வாங்கி நீட்டினார்.

அது அம்மாக்கண்ணுவின் வாசல். அம்மாக்கண்ணு தனியாக நின்று மகளை வளர்த்தவள். மகள் ராக்காயி. முகத்தில் அம்மைத் தழும்பு. அதுவரைக்கும் யாரும் கேட்டு வரவில்லை. அம்மாக்கண்ணு தட்டைப் பார்த்தாள், கிரீடத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கையைப் படங்கில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். "என் மவளயும் தேடி வந்தீங்களே சாமி," என்று அழுதாள். ராக்காயி கூடையை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள்.

பேச்சியம்மாவுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கந்தப்பனுக்கு வந்தது. மகாராஜா அல்லவா! என்ன நடந்தது என்று பார்க்காமலே, தப்பை ஒரு தட்டுத் தட்டி, "அரசன் கொடுத்தது கொடுத்ததுதான்!" என்றார்.

பாட்டு முடிந்ததா? முடிந்தது. பேசி வைத்தபடி பக்கத்துக் கதவு திறந்தது. தலை சீவிப் பூ வைத்து, நல்ல சேலை கட்டி, நாகலெட்சுமி வெளியே வந்தாள்.

தலைவர் ஆண்டியப்பனின் காதில், "தம்பி, பனியில வாசல் மாறிப் போச்சுன்னு இப்பவே சொல்லிரு. இப்பச் சொன்னா ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அம்மாக்கண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

நாகலெட்சுமி அழவில்லை. கிட்டே வந்து நின்றாள்.

"மச்சான், யாரைக் கேட்டு வந்தீங்க? பேரச் சொல்லுங்க."

 ஒரு பெயர். ராஜபாஷை வேண்டாம், மெட்டு வேண்டாம், தாளம் வேண்டாம். பெரட்டுக்களத்தில் கங்காணி தினமும் உரக்கக் கூப்பிடுகிற ஒரு பெயர்.

ஆண்டியப்பன் நாகலெட்சுமியைப் பார்த்தார், ராக்காயியைப் பார்த்தார். அவர் பார்த்த படத்தில் இந்த இடம் இல்லை. இந்த இடத்துக்கு வசனமும் இல்லை. வானத்தைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்தார்.

தொண்டையைச் செருமினார்.

பிரிவுப் பாட்டு. ராஜகுமாரியைக் காணாமல் ராஜகுமாரன் காட்டில் அலையும்போது பாடுவது. அன்றைக்கு அவர் பாடினதைப் போல அவர் என்றைக்கும் பாடியதில்லை என்று சொல்லுகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், நான் தைத்த அங்கியை நானே கிழித்திருப்பேன். முதல் அடி முடிவதற்குள் நாகலெட்சுமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் முறை அது திறக்கவில்லை.

ஆண்டியப்பனுக்கும் ராக்காயிக்கும் தையில் கல்யாணம். இளவரசருக்கு ஒரு குறையும் இல்லை, கவனியுங்கள். கைவிட்டுப்போன காதல் என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்துவிட்டது. சாயந்தரமானால் வாசலில் உட்கார்ந்து அதைப் பாடுவார், லயத்துப் பையன்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ராக்காயி உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள். அவள் பெயர் அந்தப் பாட்டில் எந்த வரியிலும் வருவதில்லை. முடிந்ததும் வெளியே வந்து, "பாட்டு ஆயிருச்சுன்னா பீலியில ஒரு கொடம் தண்ணி பிடிச்சிட்டு வாங்க," என்பாள். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது.

போன வருஷம் நாகலெட்சுமி புருஷனோடு கடைக்கு வந்தாள், ரவிக்கை தைக்க. அணைக்கட்டு வேலைக்காரன், குள்ளமான மனிதன், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். "இவரு உன்னை எப்படியம்மா கேட்டாரு?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எப்படிக் கேட்டாரு? 'எனக்குப் பிடிச்சிருக்கு, உனக்குப் பிடிச்சிருக்கா'ன்னாரு. பிடிச்சிருக்குன்னேன்." சிரித்தாள். அளவு கொடுத்துவிட்டுப் படி இறங்கப் போனவள் திரும்பி நின்று, "அவரு இன்னும் பாடுறாராண்ணே?" என்றாள். பாடுகிறார் என்றேன். "நல்லாப் பாடுவாரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மலையில் ஏதோ ஒரு லயத்தில், ஈயத்தாள் கிரீடம் வைத்த ஏதோ ஒரு பைத்தியக்காரன். உங்களுக்கென்ன, நீங்கள் படித்தவர், தலையில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் வாசற்படியில் நின்று உங்களிடம் ஒன்று கேட்டாரே, ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி, அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். பெருமூச்சு விட்டதாகவும் கேள்விப்பட்டேன். அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார், போய்ச் சொல்லிவிடுங்கள்.

அது சரி, தொண்டையை எதற்குச் செருமுகிறீர்கள்?