நங்கூரத்தின் சென்ரர் ஹாவ்

உதைபந்தாட்டத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் யாரென்று உலகத்தார் இன்னமும் தமக்குள் அடிபடுகிறார்கள். அடிபடட்டும். பந்து இல்லாமலும், மைதானம் இல்லாமலும், கூடியவரை ஆட்டக்காரர்களும் இல்லாமலும் அந்த ஆட்டத்தைப் பூரண நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யாரென்று கேட்டால் மட்டும் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. குருநகர் 'நங்கூரம்' விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகசபையே அது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, அந்தச் சபை தன் கிடுகுக் கொட்டிலில் கூடியது. நிகழ்ச்சிநிரலில் மூன்று விடயங்கள். ஒன்று, கழகத்தின் எக்காலத்துக்குமுரிய தலைசிறந்த சென்ரர் ஹாவ் யார் என்று தீர்மானித்தல். சென்ரர் ஹாவ் என்பவன் நடுக்களத்தில் நின்று, வருகிற பந்தை மறித்து, முன்னுக்கு நிற்பவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பவன். அவன் பிசகினால் அணியே பிசகும். இரண்டு, வரப்போகும் பருவகாலத்தின் முடிவுகளை முன்கூட்டியே அறிவித்தல். மூன்று, 'வேறு விடயங்கள்'.

அந்த 'வேறு விடயம்' கதவடி வாங்கில் உட்கார்ந்திருந்தது. பெயர் மக்டலீன். மீன் விற்கிறவள். புருஷனைக் கடல் கொண்டுபோய் மூன்று வருஷம். ஒரே மகன் கனிசியஸ், வயது இருபது. போன மாதம் வீட்டுக் கோடிக்குள் ஒரு ஷெல் விழுந்து குசினியைத் தூக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு அவள் முடிவெடுத்துவிட்டாள். பாரிசிலிருக்கும் தம்பிக்கு எழுதி, ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுகிற ஏஜென்சிக்காரன் ஒருவனையும் கொழும்பிலே பிடித்தாயிற்று. குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும்; பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். வீட்டாள் கையெழுத்துச் செல்லாது, வெளியாள் வேண்டும். நாளைக் காலை படிவத்தைக் கொடுக்காவிட்டால் ஏஜென்சிக்காரன் கனிசியஸின் இடத்தில் வேறொருவனை ஏற்றிவிடுவான். படிவத்தை நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். வேர்வையில் அது நனைந்துகொண்டிருந்தது.

மேசையின் நடுவிலே, வெள்ளைத் துணி விரித்து, கழகத்தின் ஒரேயொரு பந்து எழுந்தருளியிருந்தது. அதன் உள்ளேயிருந்த றப்பர்ப் பைக்கு ஏழு ஒட்டு. எட்டாவதை ஒட்டுகிற சொலுஷன் பசை யாழ்ப்பாணத்திலே கிடையாது. ஆகவே 'காற்றை வீணாக்காதிருத்தல்' என்ற தீர்மானம் போன வருஷமே நிறைவேறியிருந்தது. மிஞ்சியிருந்த ஆட்டக்காரர்கள் பழைய வலைத் துண்டைச் சுருட்டிக் கட்டி அடித்துப் பழகினார்கள். மெய்யான பந்தை வருஷத்துக்கு ஒருமுறை சபை தொட்டுப் பார்க்கும்.

"நான் சுருக்கமாச் சொல்லுறன்," என்றார் தலைவர் நீக்கிலாப்பிள்ளை. அவர் சுருக்கமாகச் சொல்லத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். "சென்ரர் ஹாவ் எண்டால் ஆர்? இடத்தை விட்டு அசையாதவன். இடி விழுந்தாலும் நிண்ட இடத்திலை நிக்கிறவன். அப்பிடிப் பாத்தால் எங்கடை அலோசியஸுக்குக் கிட்ட நிக்க ஒருத்தன் இல்லை."

அலோசியஸ் தலைவரின் மூத்த மகன். எட்டு வருஷமாக ரொறன்ரோவில் அசையாமல் நிற்கிறான்.

"எழுபத்தெட்டாம் ஆண்டு பைனலிலை அவன் அடிச்ச அடி! பந்து கோல் கம்பத்துக்கு மேலாலை போய், கடலைத் தாண்டி, மண்டைதீவிலை விழுந்தது."

"போன வருஷம் கடற்கரையிலை விழுந்ததெண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று கேட்டார் செயலாளர் சிமியோன். கேட்டாலும் மண்டைதீவு என்றே குறிப்பேட்டில் எழுதினார்.

"அப்ப அவன் கனடாவிலை நிரந்தர வதிவிடம் எடுக்கேல்லைத்தானே," என்றார் பொருளாளர் யாகோப்பு.

இது கழகத்தின் நீண்டகால ஆய்வில் கண்ட உண்மை. ஆட்டக்காரன் எவ்வளவு தூரம் போகிறானோ, அவன் அடித்த பந்தும் அவ்வளவு தூரம் போகும். சிமியோனின் தம்பி சவிரிமுத்து பாரிசுக்குப் போனபின், அவன் அடித்த பந்து ஒருமுறை ஊர்காவற்றுறைப் பக்கம் கண்டெடுக்கப்பட்டது. யாகோப்பின் மச்சான் இன்னாசித்தம்பிக்கு ஜெர்மனியில் விசா கிடைத்த கிழமையில், அவன் பந்தோடு ஒரே நேரத்தில் மூன்று பேரை வெட்டி விலத்திக்கொண்டு போனது நாலு பேராகத் திருத்தப்பட்டது. ஊரிலே நிற்பவன் அடித்த பந்தோ வேலிக்கு இந்தப் பக்கமே விழும்.

மூன்று பேருக்காகவும் இரண்டு மணித்தியாலம் வாதாடினார்கள். மேசையில் குத்தினார்கள். ஒருமுறை பந்து துள்ளி விழப்போக, ஆலோசகரோடு சேர்த்து நாலுபேரும் பாய்ந்து பிடித்தார்கள். நிர்வாகசபையின் உடல் தகுதி அப்போது தெரிந்தது.

லூர்த்தம்மா தேத்தண்ணீரோடு வந்தாள். மக்டலீனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, ஐம்பத்தைந்து வயது, தனி ஆள். கூட்டங்களுக்குப் பனங்கட்டியும் தேத்தண்ணீரும் கொடுப்பாள், உதைபந்தாட்டத்தை வெறுப்பாள்.

"முடிஞ்சுதே?" என்று மக்டலீனிடம் மெல்லக் கேட்டாள்.

"எங்கை! இன்னும் எழுபத்தெட்டிலைதான் நிக்கினம்."

"இவையள் தொண்ணூறுக்கு வாறத்துக்கிடையிலை நாங்கள் செத்துப்போவம்."

தலைசிறந்தவர் பட்டத்தை மூவருக்கும் சமமாகப் பகிர்ந்தளித்து, சபை இரண்டாம் விடயத்துக்குப் போனது. ஆலோசகர் சோமசேகரம் மாஸ்ரர் எழுந்தார். நல்லூரில் கணிதம் ரியூசன் கொடுப்பவர். இதற்காகவே சைக்கிள் மிதித்து வந்திருந்தார். இருபது வருடப் பெறுபேறுகளைக் கூட்டி, இருபதால் பிரித்து, சனிமாற்றத்தையும் சேர்த்துக் கணித்திருந்தார்.

"எட்டுப் போட்டி. நங்கூரம் வாங்கப்போற கோல் சைபர். எங்கடை கம்பத்துக்குள்ளை ஒண்டுகூட விழாது. செப்ரெம்பர் இருபதாம் திகதி பைனல். பின்னேரம் அஞ்சு பத்துக்குக் கனிசியஸ் தலையாலை அடிச்சு வெல்லுறம்."

கொட்டில் கைதட்டலில் அதிர்ந்தது. மக்டலீன் மட்டும் கைதட்டவில்லை. அவள் மகன் தலையால் அடித்ததை அவள் ஒரேயொருமுறைதான் கண்டிருக்கிறாள். அது கதவு நிலையின் மேற்கட்டை, முந்தநாள். இன்னும் வீக்கம் வற்றவில்லை. பந்து முகத்துக்கு நேரே வந்தால் விலத்துகிற பிள்ளை அவன். கழகத்தில் மிஞ்சியிருந்த ஏழு பேரில், நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவன் அவன் ஒருவன்தான் என்பதால் சென்ரர் ஹாவ் ஆனவன்.

"தலைவர் அண்ணை," என்று எழுந்தாள். "என்ரை அலுவலையும் ஒருக்காப் பாருங்கோவன். பொடியன்ரை பாஸ் போமிலை ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

சிமியோன் குறிப்பேட்டை மூடினார்.

"மக்டலீன்," என்றார் தலைவர், மரணச் செய்தி சொல்கிறவரின் குரலில். "நீ என்ன கேக்கிறாயெண்டு தெரிஞ்சுதானே கேக்கிறாய்? பருவகாலம் வருகுது. சென்ரர் ஹாவ் இல்லாமல் என்னெண்டு விளையாடுறது? எல்லாரும் வெளிக்கிட்டால் இந்த மண்ணின்ரை மானத்தை ஆர் காப்பாத்திறது?"

"உங்கடை மூண்டு பொடியளும் வெளிக்கிடேக்கை மண் எங்கை போனது?"

"அவங்கள் தற்காலிகமாப் போனவங்கள்," என்றார் தலைவர். சிமியோன் அதையும் குறிப்பேட்டில் எழுதினார்.

மக்டலீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழக்கூடாது என்றுதான் வந்தாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"எனக்கு உங்கடை கேடயமும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம். மனுசனைக் கடல் எடுத்துப்போட்டுது. இவனும் போனால் நான் ஆருக்குச் சோறு காய்ச்சிறது? அவன் உயிரோடை இருக்கிறதெண்டு எனக்குத் தெரிஞ்சால் காணும். சரி, நான் போறன். போய் ஃபாதரிட்டைச் சொல்லுறன், நங்கூரத்திலை ஒருத்தருக்கும் ஒரு கையெழுத்துப் போட மனமில்லையெண்டு."

ஃபாதர் கழகத்தின் போஷகர். தலைவர் தொண்டையைச் செருமினார். கண்ணிமைக்கும் நேரத்தில் அவருடைய உள்ளம் தாயுள்ளம் ஆனது.

"கழகம் ஒருநாளும் கைவிடாது, பிள்ளை. கால் இறுதிக்கு முதல் திரும்பி வரவேணும் எண்ட நிபந்தனையிலை, நானே பிணை நிக்கிறன். கொண்டா உந்தப் போமை!"

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தலைவருக்கு எதையும் உரத்து வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற பழக்கம் இல்லை. "பிணை நிற்பவராகிய நான்," என்று கணீரென்று தொடங்கினார், "இவ்வருடம் மார்கழி முப்பத்தோராம் திகதிவரை குடாநாட்டை விட்டு வெளியேறமாட்டேன் எனவும்..."

நின்றார். அந்த வரியை இன்னொருமுறை வாயசைத்துப் பார்த்தார். பேனையை மூடினார்.

"சிமியோன், செயலாளர் எண்ட முறையிலை நீ போடுறதுதான் ஒழுங்கு."

சிமியோன் படிவத்தை வாங்கினார், அந்த வரிக்கு வந்தார். "எனக்குக் கண் ஒப்பரேசன் இருக்கெல்லே, கொழும்பிலை. பங்குனியிலை போறன். பொருளாளர் போடட்டும்."

"நான் மடுமாதாவுக்கு நேத்தி வைச்சிருக்கிறன்," என்றார் யாகோப்பு, படிவத்தை முழுதாக விரிக்காமலே. "குடும்பத்தோடை போறம்."

"மடுவுக்கு ஆரும் தையல் மிசினைக் கழட்டிக் கட்டிக்கொண்டு போறவையே?" என்றாள் லூர்த்தம்மா, ரம்ளர்களைப் பொறுக்கியபடி. "நேற்று உங்கடை வீட்டு விறாந்தையிலை கண்டனான்."

யாகோப்பு பந்தின் வெள்ளைத் துணியைச் சரிசெய்தார். படிவம் மாஸ்ரரிடம் போயிருந்தது.

"செப்ரெம்பரிலை நான் இஞ்சை நிக்கிறதுக்கான நிகழ்தகவு," என்று மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்தார், "கணக்குப்படி சைபர்தான். மகன் ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறான்."

படிவம் மறுபடி தலைவரிடம் வந்தது. அந்தக் கழகத்தின் சரித்திரத்தில் எந்தப் பந்தும் இத்தனை நேர்த்தியாக, நிலத்தில் படாமல், ஆளுக்காள் கைமாறியதில்லை.

"அப்ப நீங்கள், அண்ணை?" என்று கேட்டாள் மக்டலீன்.

"சித்திரையிலை ஒருக்கா ரொறன்ரோ போட்டு வருவம் எண்டு..." என்றார் தலைவர். "தற்காலிகமா."

மக்டலீனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. "அட விசருகளே! செப்ரெம்பர் இருபது பின்னேரம் அஞ்சு பத்துக்கு ஆர் வெல்லுறதெண்டு அறிவிச்சியள். அதைப் பாத்துக் கைதட்ட உங்களிலை ஒருத்தரும் இஞ்சை இல்லையே! போறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. நானும் பிள்ளையை அனுப்பத்தான் வந்தனான். ஆனால் பெட்டியைக் கட்டிவைச்சிட்டு, அதிலை குந்தியிருந்துகொண்டு, என்ரை பிள்ளையை நில்லெண்டு சொன்னியள் பாருங்கோ..."

தலைவரின் கையிலிருந்து படிவத்தைப் பறித்தாள். நாலுபேரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டாள் லூர்த்தம்மா.

"வருஷக் கடைசி மட்டும் இஞ்சையே இருக்கவேணுமாம் அக்கா."

"இவ்வளவுதானே? நான் வேறை எங்கை போறது? என்ரை கோழியளை ஆர் பாக்கிறது?" ரம்ளர்களைக் கீழே வைத்து, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். "கொண்டா பேனையை."

"பொடியன் திரும்பி வராட்டில் உன்னைத்தான் கேப்பினம்," என்று எச்சரித்தார் தலைவர், அக்கறையோடு.

"கேக்கட்டும். எனக்கும் கதைக்க ஆளில்லைத்தானே."

தலைவரின் பேனையால், ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் கையெழுத்து வைத்தாள். 'பிணையாளரைக் கழகமே ஏற்பாடு செய்து கொடுத்தது' என்று குறிப்பேட்டில் பதியப்பட்டது. தலைவருக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானமும் நிறைவேறியது.

அடுத்த கிழமை கனிசியஸ் கொடிகாமம் வரை சைக்கிளில் போய், அங்கிருந்து கிளாலிக்குப் போய், வள்ளம் ஏறினான். ஒழுங்கை முடக்கு மட்டும் மக்டலீன் கூடப் போனாள். நெற்றி வீக்கத்தில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டு, திரும்பி வந்து, இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டாள். மற்றப் பங்கை லூர்த்தம்மா வந்து சாப்பிட்டாள்.

பங்குனியில் சிமியோனின் கண் போனது, கூடவே முழு ஆளும். மடுமாதாவின் அருளால் யாகோப்பு குடும்பம் சூரிச்சில் கரைசேர்ந்தது. மாஸ்ரரின் நிகழ்தகவும் பிழையாகவில்லை; அவரும் மகனிடம் போய்ச் சேர்ந்தார். சித்திரையில் தலைவர், பந்து வைத்த அலுமாரியைப் பூட்டி, அதன் திறப்பைத் 'தற்காலிகமாக' லூர்த்தம்மாவிடம் கொடுத்து, மண்ணைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார். ஆனியில் பாஸ் கொடுப்பவர்கள் லூர்த்தம்மாவைக் கூப்பிட்டு, பொடியன் எங்கே என்று விசாரித்தார்கள். "அடிச்ச பந்து தூரமாப் போட்டுது. எடுக்கப் போனவன், இன்னும் வரேல்லை," என்றாள். எழுதிக்கொண்டு, அவளுக்கு இனி ஒருபோதும் பாஸ் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செப்ரெம்பர் இருபதும் வந்துபோனது. சுற்றுப்போட்டி நடக்கவில்லை. மற்றக் கழகங்களிலும் ஆட்டக்காரர் தீர்ந்து, நிர்வாகசபையும் தீர்ந்திருந்தது.

ஐப்பசியில் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று கனிசியஸுடையது: ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான், குளிருகிறது, பந்தைக் கண்ணாலும் காணவில்லை, அம்மாவின் மீன்குழம்பு நினைவாக இருக்கிறது. மக்டலீன் அதை மூன்றுமுறை வாசித்து, மூன்றுமுறையும் அழுது, சிரித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

மற்றது லூர்த்தம்மாவுக்கு, ரொறன்ரோவிலிருந்து. அவளுக்குக் கண் பார்வை மட்டு என்பதால் மக்டலீனே உரத்து வாசித்தாள். 'நங்கூரம் கனடாக் கிளை'யின் தலைவர் நீக்கிலாப்பிள்ளை எழுதியிருந்தார். இந்தப் பருவகாலத்தில் நங்கூரம் ஒரு கோலும் வாங்கவில்லை என அறிந்து கிளை பெருமையடைகிறது. ஆலோசகரின் கணிப்பு அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டது. பாரிஸ் சேர்ந்துவிட்ட செல்வன் கனிசியஸ், எக்காலத்துக்குமுரிய தலைசிறந்த சென்ரர் ஹாவ் ஆக ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டுள்ளார். அவர் பயிற்சியில் அடித்த பந்தொன்று மண்டைதீவையும் தாண்டி நெடுந்தீவில் விழுந்ததைப் பலர் நேரிற் கண்டுள்ளனர். ஊரிலுள்ள உறவுகள் எந்த இடர் வந்தபோதும் இடத்தை விட்டு அசையக்கூடாது. நிற்க, அவர் போனபிறகு இம்முறை நடுவிலே நின்றது யாரென்று தெரிந்தால், கிளையின் மலரில் பெயர் போடலாம்.

லூர்த்தம்மா கோழிகளுக்குக் குறுணி எறிந்துகொண்டிருந்தாள். எறிந்து முடித்து, கையைத் தட்டினாள்.

"பதில் எழுது பிள்ளை. நடுவிலை நிண்டது லூர்த்தம்மா எண்டு போடு."

"போட்டாச்சு அக்கா."

"அடுத்ததா, நீங்கள் நாலுபேரும் எந்தப் பக்கத்துக்கு விளையாடினனீங்கள் எண்டு கேட்டு எழுது."