ஊசியண்ணன் போட்ட ஒரே பாட்டு

காஞ்சிபுரத்தில் சாமிகளுக்குக் குறைவில்லை. ஆனால் எனக்குக் கல்யாணமான அந்த வருஷம் என் தலையெழுத்தை எழுதியவர் பிள்ளையார்பாளையத்து மைக்செட்காரர்தான். இதைச் சொன்னால் சாமிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கும் பாட்டுப் போட்டவர் அவர்தான்.

அவர் பெயர் ஊசி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. இசைத்தட்டு ஊசிகள் அடைத்த தகர டப்பா சட்டைப்பையில் குலுங்க, சைக்கிள் பின்னால் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வருவார். நாம் கேட்கிற பாட்டைப் போடுவது அவருக்குப் பழக்கமில்லை. எந்த வீட்டுக்கு எந்தப் பாட்டு என்று அவரே முடிவு செய்வார்.

தை மாதம் வாலாஜாபாத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நாங்கள் சொல்லவே இல்லை, எதிர்வீட்டு மாடியிலிருந்து ஓர் ஓடப் பாட்டு கிளம்பியது. "பாலாத்தங்கரை மாப்பிள்ளை இல்ல? தண்ணிப் பாட்டுதான் எடுபடும்" என்றார் ஊசியண்ணன். எடுபட்டுவிட்டது, சம்மதம் சொல்லிவிட்டார்கள்! சித்திரையில் நிச்சயதார்த்தம். வெற்றிலைத் தட்டு மாற்றும் நேரத்தில் தாலாட்டுப் பாட்டைப் போட்டார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

"இன்னாண்ணா, தொட்டில் பாட்டப் போட்டுக்கினு கீற?"

"எல்லாம் முன்கூட்டியே சொல்லி வெக்கணும்மா. அப்புறம் எனக்கு வேற ஊர்ல கிராக்கி வந்துட்டா?"

ஆவணியில் முகூர்த்தம். அதற்குள் என் கூறைப்புடவையை எங்கள் தறியிலேயே அப்பாவும் அண்ணனும் நெய்து முடிக்க வேண்டும். அரக்கு உடல், பச்சைக் கரை. உடலையும் கரையையும் பின்னிச் சேர்ப்பதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். அப்பா குறுக்கு நூல் கொண்டோடும் நாடாவை விட்டு "ம்" என்பார், அண்ணன் கரை நாடாவை விடுவான். அந்த "ம்" இல்லாவிட்டால் கோர்வை இல்லை.

ஆடி பிறந்த வாரம் அந்த "ம்" நின்றுபோனது. அண்ணன் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிவந்து தறிக்கட்டையில் மாட்டினான். அப்பாவுக்குச் சினிமாப் பாட்டு என்றால் வேப்பங்காய். கழற்றித் தவிட்டுப் பானைக்குள் போட்டு மூடினார். அது உள்ளே இருந்தும் பாடியது. சண்டை முற்றி இருவரும் பேச்சை விட்டார்கள்.

"நாடாவ விடச் சொல்லு உங்க அண்ணன."

"விட்டாச்சின்னு சொல்லு உங்கப்பாகிட்ட."

ஒவ்வோர் இழைக்கும் நான் தூது போனால் அடுப்பில் இருக்கும் சோறு என்ன ஆவது? கோர்வை கோணியது, கரை அலை அடித்தது. நெய்ததைப் பிரித்தார்கள், மறுபடி நெய்தார்கள், மறுபடி பிரித்தார்கள். வேறு தறியில் வாங்கவும் அப்பாவின் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. புடவை இல்லாமல் மணையில் எப்படி உட்காருவது? அழுதுகொண்டே ஊசியண்ணனிடம் ஓடினேன்.

அவர் வந்து எங்கள் வாசலில் சைக்கிள் செயின் மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். உள்ளே தறி அடிக்கும் சத்தத்துக்குத் தொடையில் தாளம் போட்டார். பிறகு கண் பளபளக்க எழுந்தார். "கவலைய வுடு தங்கச்சி. உங்கப்பா சினிமாவத்தானே திட்டுவாரு? அம்மனைத் திட்டுவாரா?"

ஆடி மாதம் ஆயிற்றே, எங்கள் தெரு அம்மன் கோயிலில் மைக்செட் அவருடையதுதான். மறுநாள் காலை குழாய் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. பம்பையும் உடுக்கையும் போட்டி போடும் ஓர் அம்மன் பாட்டு கிளம்பியது. முடிந்தது. மறுபடி அதே பாட்டு. மறுபடியும் அதே!

அப்பா பல்லைக் கடித்தார். ஆனால் அம்மன் பாட்டாயிற்றே, கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தான் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் பம்பை அடிக்கு அவர் நாடா ஓடியது, உடுக்கை அடிக்கு அண்ணன் நாடா ஓடியது. பேச்சும் இல்லை, "ம்"மும் இல்லை. கோர்வை கம்பி பிடித்தாற்போல நேராக வந்தது! எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது, குதித்தேன்.

தெரு முழுக்க எல்லாத் தறியும் அதே தாளத்தில் அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அக்கா அதே தாளத்தில் மாவாட்டி, இட்லி கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள் கோயில் தர்மகர்த்தா பொறுக்க முடியாமல் வந்தார்.

"யோவ் ஊசி, வேற பாட்டே இல்லியா? அம்மனுக்கே அலுத்துப் பூடும்யா!"

"அம்மன் ஒண்ணும் சொல்லலீங்களே. நீங்கதான் சொல்லிக்கினு கீறீங்க."

புடவையின் முந்திக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. அப்போது பார்த்துக் கரண்ட் போனது. பாட்டு நின்றது. இரண்டு நாடாவும் நின்றன. நான் தூணைப் பிடித்துக்கொண்டு வேண்டாத தெய்வமில்லை.

அண்ணன் மெல்ல முனக ஆரம்பித்தான், அதே பாட்டை. அவன் குரல் எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"டேய்! அம்மன் பாட்ட அப்டியாடா பாடுவாங்க?" என்று கத்திவிட்டு அவரே எடுத்தார். தொண்டையா அது! அண்ணன் பின்பாட்டுப் பாட, நாடாக்கள் பறந்தன. கரண்ட் போன பதைப்பில் ஓடிவந்த ஊசியண்ணன் வாசலிலேயே வாய் பிளந்து நின்றார். "நம்ம மைக்க இவருகிட்ட குடுத்திருக்கலாம் போல கீதே" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த கையோடு அப்பா ஊசியண்ணன் கடைக்குப் போனார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து ஊசியண்ணன் ஸ்பீக்கருக்குப் பின்னால் பதுங்கினார்.

"கல்யாணத்துக்கு மைக்செட்ட வேற யாருகிட்டயாச்சும் சொல்லிக்கிறேன்" என்றார் அப்பா. ஊசியண்ணன் முகம் சுருங்கியது. "நீ சும்மா வந்து மணை கிட்ட உக்காருப்பா. எங்க வூட்டு மனுசன் நீ."

கல்யாணத்தன்று ஊசியண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போட்டவர், கெட்டிமேளம் கொட்டும்போதெல்லாம் வெளியே வயரைப் பிடித்துக்கொண்டு நின்றவர். தாலி கட்டுவதைக் கிட்டத்தில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவையாம். குழந்தை மாதிரி அழுதார். கழுத்தில் தாலி ஏறியதும் நான் நிமிர்ந்து முதலில் தேடியது அந்த முகத்தைத்தான். என் வீட்டுக்காரர் தன்னைத்தான் நான் பார்த்தேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பட்டும்.